அந்த ராஜினாமா கடிதத்தை நான் திருத்தித் தர மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. 45 நிமிஷம் என் கணக்கு வகுப்பைச் சகித்தவர்கள் இதையும் சகிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினாள். "சார், இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாத்துத் தாங்க" என்று கீழே ஒரு வரி. நான் கணக்கு வாத்தியார். ஆனாலும் பிள்ளைகள் எல்லா விண்ணப்பத்தையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், அது பழைய பழக்கம். திறந்து பார்த்தால் ராஜினாமா கடிதம். ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் 11 வருஷமாக நர்ஸாக இருக்கிறாள். வேலையை விடுவதற்குக் காரணம், முழு நேரமாகக் கர்த்தருடைய வேலையைச் செய்யப் போகிறாளாம்.

உடனே போன் போட்டேன். அவர்கள் ஊரில் மூன்று நாள் விசேஷக் கூட்டம் நடந்திருக்கிறது. கடைசி ராத்திரி, அர்ப்பணிப்பு நேரத்தில், வந்திருந்த பிரசங்கியார் கேட்டிருக்கிறார்: இன்னும் எத்தனை நாளைக்கு உலக வேலைக்குப் பின்னால் ஓடப்போகிறீர்கள், ஆண்டவர் வேலைக்கு வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று. இவளும் எழுந்து நின்றிருக்கிறாள்.

"பதினோரு வருஷமா ஆண்டவருக்குன்னு நான் ஒண்ணுமே செய்யல சார்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"நேத்து ராத்திரி டியூட்டியில என்னம்மா செய்தே?" என்று கேட்டேன்.

நாலு பெட்டுக்கு அவள் ஒருத்தி. ஒருவர் வென்டிலேட்டரில். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். சிறுநீர் எவ்வளவு வந்தது என்று மணிக்கு மணி குறிக்க வேண்டும். இன்னொரு பெரியவர் நினைவு தவறி, இவளைத் தன் மகள் என்று நினைத்துக் கையை விடவே இல்லையாம். ஒரு கையை அவரிடம் கொடுத்துவிட்டு மறு கையால் சார்ட் எழுதினாளாம். விடியற்காலை அந்த வென்டிலேட்டர்காரருக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. இவள்தான் முதலில் பார்த்து டாக்டரை எழுப்பியிருக்கிறாள்.

இதையெல்லாம் செய்துவிட்டு வந்த பிள்ளை, ஆண்டவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அழுகிறாள். இப்படி ஒரு பொய்யை அவள் தலையில் ஏற்றியது யார்? அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். பிரசங்கியாரின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் இல்லை. இந்தப் பேச்சைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். நானே பேசியும் இருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த 'ஊழியம்' என்ற சொல். வெளியே தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருப்பவரும் ஊழியர்தான். அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்றுதான் பேப்பரில் போடுகிறான். சபைக்குள் வந்தால் மட்டும் ஊழியர் என்றால் மைக் பிடிக்கிறவர். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூலி இல்லாமல், கூப்பிட்ட நேரத்துக்குப் போய்ச் செய்யவேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்கியவர்களும் மண் வெட்டியவர்களும் நம் முன்னோர். அவர்கள் முதுகு ஒடிந்த சொல்லை எடுத்துக் கடவுளுக்குச் செய்கிற சேவைக்கு வைத்தோம். அந்தச் சொல்லுக்குள் சுமை தூக்குகிறவனுக்கு இப்போது இடமில்லை என்றால் எப்படி? எபிரெயத்திலும் ஒரே சொல்தான், அவோதா. வயல் வேலைக்கும் அதுதான், ஆராதனைக்கும் அதுதான்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மனுஷனைத் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் தம் வாயால் முதலில் சொன்னது யாரைப் பற்றி? மோசேயும் இல்லை, ஆரோனும் இல்லை. யாத்திராகமம் 31-ல் வருகிற பெசலெயேல். அவன் பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரி கிடையாது. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும்தான் அவனுக்கு ஆவி கொடுக்கப்பட்டது. ஆசாரிப் பட்டறைக்கு இறங்கின ஆவி ஐ.சி.யு.வுக்கு இறங்காதா?

வேலை பாவத்தால் வந்த சாபம் என்று சிலர் சொல்வார்கள். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாமை வைக்கிறார். பாவம் வருவது 3-ஆம் அதிகாரத்தில். வேர்வையும் முள்ளும் பிறகு வந்தவை. வேலை அதற்கு முன்பே இருந்தது. ஒன்றுக்குப் பிறகுதான் ரெண்டு, ரெண்டுக்குப் பிறகுதான் மூன்று. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

இனி என் கதை. மாணவர்களில் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

தொண்ணூறுகளில் நான் கன்வென்ஷன் கமிட்டியில் இருந்தேன். பந்தல், மைக்செட், சாப்பாடு, வெளியூர்ப் பிரசங்கியாருக்கு ரூம் எல்லாம் என் பொறுப்பு. ஒரு வருஷம் பத்தாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குப் பேப்பர் 43, கட்டுக் கட்டாக வீட்டு அலமாரியில் மூன்று வாரம் கிடந்தது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கூட்டம் முடிந்த பிறகு ஒரே ராத்திரியில் உட்கார்ந்து, மார்க்கை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பையன் சமன்பாட்டில் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமலே விட்டிருக்கிறான். ஒரு கணக்கில் இல்லை, எல்லாக் கணக்கிலும். நிதானமாகத் திருத்தியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கூப்பிட்டுப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துபோகிற தப்பு. நான் பார்க்கவில்லை. பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் ஃபெயில். மறுபடி எழுத அவன் வரவில்லை, கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "சார்" என்று ஓடிவந்து என் பையை வாங்கிக்கொள்வான். அப்போதெல்லாம் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாது.

அந்த மூன்று வாரமும் நான் நல்ல ஊழியம் செய்தேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஊழியம் அலமாரியில் கட்டிக் கிடந்தது.

என் சித்தப்பா மகன் முழு நேர ஊழியக்காரன். பாசக்காரன், நல்லவன். இதைச் சொன்னதும், "அண்ணே, மார்த்தாள் மரியாள் கதையை மறந்துட்டீங்களா?" என்றான். மறக்கவில்லை தம்பி. மார்த்தாள் சமைத்ததை ஆண்டவர் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கியதையும், தங்கச்சியை இழுத்துவிடப் பார்த்ததையும்தான் சொன்னார். யோவான் 11-ல் இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறவள் யார்? அதே மார்த்தாள். 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவருக்கு விருந்து நடக்கும்போது என்ன செய்கிறாள்? பந்தி பரிமாறுகிறாள். அவளைச் சமையலறையை விட்டு யாரும் வெளியே கொண்டுவரவில்லை.

பேதுரு வலையை விட்டு வந்தாரே என்பான் அடுத்து. வந்தார். விட்டுவிட்டு வா என்று அழைக்கப்பட்டவர்கள் வரத்தான் வேண்டும். அவர்களை நான் மதிக்கிறேன், எங்கள் ஐயரையும் சேர்த்துத்தான். ஆனால் லூக்கா 3-ல் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் வேலையை விடச் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் வாங்காதே, மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதுமென்றிரு என்கிறார். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். ஆண்டவரையே சொந்த ஊர்க்காரர்கள் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள். அந்த வருஷங்களெல்லாம் வீண் என்று எந்தப் பிரசங்கியாராவது சொல்வாரா?

ஆயக்காரரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் கோபித்தாலும் சரி. 'உலக வேலை', 'ஆண்டவர் வேலை' என்று கோடு போட்டதில் வசதி யாருக்கு? லஞ்சம் வாங்குகிறவனுக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை மேஜைக்குக் கீழே வாங்கலாம், அது உலகம். ஞாயிற்றுக்கிழமை அதில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பையில் போடலாம், அது ஆண்டவர். ரெண்டு பேரேடு வைத்துக் கணக்கு எழுதுகிறவனை நாம் வியாபாரத்தில் திருடன் என்கிறோம். சபையில் அவனுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறோம்.

உடனே சிலர், "சார், செய்யும் தொழிலே தெய்வம்னு சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. தொழில் தெய்வம் இல்லை. தொழிலைத் தெய்வம் ஆக்கினால் அது பலி கேட்கும். வீட்டையும் தூக்கத்தையும் பிள்ளைகளையும் கேட்கும். அந்த மாணவியின் மருத்துவமனையில் சம்பள உயர்வு கேட்டபோது, "இதை ஒரு ஊழியமா நினைச்சுச் செய்யுங்க சிஸ்டர்" என்றார்களாம். பாருங்கள் கூத்தை! மேடையில் நிற்பவர் இது ஊழியமே இல்லை என்கிறார். கூலி கொடுக்க வேண்டியவர் இது ஊழியம், ஆகவே கூலி கேட்காதே என்கிறார். பழைய திருவிதாங்கூர் அர்த்தம் திரும்ப வந்துவிட்டது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. அவள் வேலை பரிசுத்தமானது, அதனாலேயே அவள் கூலியும் பரிசுத்தமானது.

டாக்டர் பால் பிராண்டைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், யாருக்காவது நினைவிருக்கிறதா? 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனெரித் தம்பதியின் மகன். இங்கிலாந்தில் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார், பிறகுதான் மருத்துவம். 1946-ல் வேலூருக்கு வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை யாரும் சீண்டுவதில்லை. அவர் நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, விரல்களை நிமிர்த்தினார். ஆனாலும் காயம் வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகின ஒரு பையனின் விரல் சதை எலும்பு வரை கிழிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அப்படித்தான் புரிந்தது. சுத்தியல் பிடியையும் ரம்பத்தின் பிடியையும் அவர்களுக்கு ஏற்றபடி மாற்றித் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற காலுக்கு எந்தப் பதத்தில் ரப்பர் வேண்டும் என்று தேடி, அதில் செருப்புச் செய்தார்கள்.

அந்தச் செருப்பு ஊழியமா, உலக வேலையா? யாராவது சொல்லுங்கள்.

நம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கும் இந்தப் பேச்சு நடந்தது. ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வந்தவர், கைக்குழந்தைகள் வந்து சேர்ந்ததும் பால் கரைக்கவும் துணி அலசவும் உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் மிஷனெரி வேலையா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

இப்போது உனக்கு, அம்மா. நீ இதை டியூட்டி முடிந்து வந்து வாசிப்பாய் என்று தெரியும். வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை என்றால் விடு. சம்பளம் போதவில்லை என்றால் வேறு இடம் பார், நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன். ஆண்டவர் உன்னிடம் தனியாகப் பேசி, வேறு இடத்துக்கு வா என்றால் போ, நான் யார் தடுக்க? ஆனால் 11 வருஷமும் வீண் என்று நினைத்து விடாதே. அந்தக் கடிதத்தின் ரெண்டாவது பாராவில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். கடிதத்தில் ரெண்டு ஸ்பெல்லிங் தப்பும் ஒரு இலக்கணத் தப்பும் இருக்கின்றன. எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவர், உன் கையை விடாதவர், எப்படி இருக்கிறார் என்று மட்டும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம், தம்பி நீயும்தான். போன் செய்வதாக இருந்தால் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் வேண்டாம், தூங்குவேன்.