வண்டி மேடேறாவிட்டால் யார் குற்றம்?

நம் நாட்டில் ஒரு காரியம் கெட்டுப் போனால், அது ஏன் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், அதற்காக யாருக்கு என்ன கொடுத்துத் தொலைக்க வேண்டும் என்று கேட்கின்ற வழக்கம் வெகு காலமாய் ஊறிக் கிடக்கின்றது. காய்ச்சல் வந்தால் மந்திரிக்கிறவனுக்கும், மழை பெய்யாவிட்டால் யாகம் செய்கிறவனுக்கும் கொடுத்துப் பழகிய கை, இன்று இயந்திரம் நின்று போனாலும் அப்படியே நீளுகின்றது. இரும்பும் எண்ணெயும் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்ற ஒரு சாமானிடத்திலுங்கூட நம் மக்கள் காரணம் கேட்கப் பயப்படுகிறார்கள் என்றால், மற்ற விஷயங்களில் எப்படிக் கேட்கப் போகிறார்கள்?

இதை எழுத நேர்ந்தது பழைய டீசல் வண்டிகளின் சங்கதியினால்தான். மலையோர ஊர்களில் ஒரு குடியானவரோ, சிறு வியாபாரியோ வட்டிக்குக் கடன் வாங்கி, இரண்டாங்கை ஜீப்போ, பிக்கப் வண்டியோ வாங்குகின்றார். கொல்லிமலையில் விளைகின்ற மிளகும், வாழையும், பலாவும் கீழே வரவேண்டும். அரிசியும் சிமெண்டும் மேலே போக வேண்டும். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமதரையில் நன்றாய் ஓடிய வண்டி, பத்தாவது வளைவில் முக்கி முனகி நிற்கின்றது. தவணையோ நிற்பதில்லை. வளைவில் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டால் பின்னால் வருகிறவன் உயிருக்கும் உத்தரவாதமில்லை. ஆகவே இது ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினையும், பலருடைய உயிர்ப் பிரச்சினையுமாகும்.

இந்த நிலையில் அவருக்குக் கிடைக்கின்ற உபதேசங்கள் மூன்று. "வண்டிக்கு ராசியில்லை, பழம் சுற்றிப் போடு" என்பது ஒன்று. "பம்பு போச்சு, இறக்கிவிட வேண்டியதுதான்" என்று வண்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லுவது இரண்டு. "பழைய வண்டியென்றால் அப்படித்தான் இருக்கும்" என்று விற்ற தரகர் கையை உதறிக் கொள்ளுவது மூன்று. இம்மூன்றும் வேறு வேறாகத் தோன்றினாலும் ஒரே ஜாதிதான். எப்படியெனில், மூன்றிலும் சோதனை கிடையாது. மூன்றிலும் நஷ்டம் வண்டிக்காரருக்கே.

ராசிக்காரரை ஒன்று கேட்கின்றோம். சமதரையில் இருக்கின்ற ராசி, மேட்டைக் கண்டவுடன் மட்டும் வண்டியைவிட்டு இறங்கி ஓடிவிடுமா? எலுமிச்சம் பழத்தில் சாறு உண்டு. ஊறுகாய்க்கு அது மிகவும் உபயோகமானது. ஆனால் டீசல் பில்டரில் அடைத்துக் கொண்ட சேறு, சக்கரத்தடியில் நசுங்குகின்ற பழத்தினால் கரைந்ததாக இதுவரை எந்தப் பட்டறையிலும் காட்டினவர் கிடையாது.

நிற்க, மேட்டில் மட்டும் ஏன் சக்தி போதவில்லை என்பதைக் கணக்காகவே பார்ப்போம். சுமையோடு 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சமமான சாலையில் ஓடுவதற்குச் சுமார் ஐந்து குதிரை சக்தி போதும். அதே வண்டி, அதே வேகத்தில், 12 அடி போனால் ஒரு அடி உயருகின்ற மேட்டில் ஏறுவதற்கு மேற்கொண்டு 23 குதிரை சக்தி வேண்டும். அதாவது ஐந்து கேட்ட இடத்தில் இருபத்தெட்டு கேட்கின்றது. இன்ஜினின் சக்தி பாதியாய்க் குறைந்து போயிருந்தாலும் சமதரையில் அது வெளியே தெரியாது. மேடுதான் அதைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே மேடு நோயை உண்டாக்குவதில்லை. இருக்கின்ற நோயை வெளிப்படுத்துகின்றது என்பதே உண்மையாகும்.

இனி டீசல் இன்ஜினுக்கு வேண்டியவை என்ன? போதுமான காற்று, போதுமான எண்ணெய், எண்ணெயைப் பற்ற வைக்கின்ற அளவுக்குக் காற்றை அமுக்குகின்ற இறுக்கம், உண்டான சக்தி நழுவாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேருதல், புகை தடையின்றி வெளியேறுதல் ஆகிய ஐந்துதான். இந்த ஐந்தில் எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். இவற்றைச் செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்குப் போகின்ற வரிசையில் பார்க்க வேண்டுமேயொழிய, முதலிலேயே ஆயிரக்கணக்கில் செலவாகின்றதைப் பிரிப்பது அறிவுடைமையாகாது.

முதலாவது, காசில்லாத சோதனை. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்க, மற்றொருவர் பம்பின் நெம்புகோல் கடைசி வரையில் போகின்றதா என்று பார்க்கட்டும். கேபிள் தளர்ந்திருந்தாலும், மிதிக்கு அடியில் தரைவிரிப்பு சுருண்டு தடுத்தாலும், பாதிச் சக்திதான் கிடைக்கும். இதற்குப் பம்பை இறக்குவது, செருப்பில் கல் இருக்கக் காலை வெட்டுவது போன்றதாகும். பிறகு நேரான சாலையில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பாகத்தருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக் கொண்டிருக்கின்றது, இன்ஜின் நிரபராதி.

இரண்டாவது, கிளட்ச். மேட்டில் இன்ஜின் சப்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாமல், கருகல் நாற்றம் வந்தால், சக்தி உண்டாகின்றது, ஆனால் வழியில் நழுவுகின்றது என்று அர்த்தம். சமமான இடத்தில், எதிரில் யாருமில்லாதபோது, கைப்பிரேக்கை இறுக்கி, காலால் பிரேக்கையும் மிதித்துக் கொண்டு, உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை மெதுவாய் விட்டால், நல்ல கிளட்ச் இன்ஜினை அணைத்துவிடும். அணையாமல் ஓடிக் கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்து போயிற்று. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யலாகாது.

மூன்றாவது, புகை. மேட்டில் கரும்புகை கக்கினால் எண்ணெய் வருகின்ற அளவுக்குக் காற்று வரவில்லை. ஏர் பில்டரில் புழுதி அடைத்திருக்கலாம், டர்போ உள்ள வண்டியானால் காற்றுக் குழாய் கிழிந்தோ கிளிப்பு தளர்ந்தோ இருக்கலாம். குழாயின் வெளியே எண்ணெய்க் கசிவும், மிதிக்கும்போது காற்றுச் சீறுகின்ற சப்தமும் அதற்குச் சாட்சிகள். நீலப்புகையானால் இன்ஜின் ஆயிலே எரிகின்றது. சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல் வந்தால் எண்ணெய் சரியாய் எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுகின்றது. புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால், பெரும்பாலும் எண்ணெய் போதுமான அளவு வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நான்காவது, அந்த எண்ணெய் வழி. டீசல் பில்டர் பாதி அடைத்திருந்தால், சமதரைக்கு வேண்டிய கொஞ்ச எண்ணெய் அதன் வழியே வந்துவிடும். மேட்டுக்கு வேண்டிய அதிக எண்ணெய் வராது. பில்டரின் அடியில் தங்குகின்ற தண்ணீரை வடித்துவிடுவதற்கென்றே திருகு உள்ள வண்டிகள் அநேகம். அது எங்கே இருக்கின்றதென்றே அறியாத வண்டிக்காரர்களும் அநேகம். இன்னொன்று, டேங்க் மூடி. அதன் காற்றுவழி அடைத்துப் போனால், எண்ணெய் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெயை வரவிடாமல் பின்னுக்கு இழுக்கும். சோர்ந்து நின்ற உடனே, வண்டியைப் பத்திரமாய் ஓரங்கட்டி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு, மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி இழுக்குமானால், நோய் ஒரு மூடியில் இருக்கின்றது. இதற்கும் சந்தேகம் தீராவிட்டால், சுத்தமான டீசல் உள்ள தனிக் கேனிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்க்கும்படி மெக்கானிக்கைக் கேளுங்கள். அப்போது வண்டி இழுத்தால் பம்பு குற்றவாளியல்ல; டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருக்கின்ற வழியே குற்றவாளி.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நாசில், பம்பின் நேரம், வால்வு இடைவெளி, அமுக்க இறுக்கம் ஆகியவற்றுக்குப் போகலாம். ரிங்கும் லைனரும் தேய்ந்ததா என்பதைக்கூட ஊகிக்க வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகின்ற மூடியைத் திறந்தால் புகை பலமாய் வீசியடிக்கின்றதா என்று பார்க்கலாம். அளவுமானி வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கலாம். அளக்காமல் "இன்ஜினைப் பிரி" என்கிறவரிடம், "எந்த எண் குறைந்தது, காட்டுங்கள்" என்று கேட்பதில் என்ன குற்றம்?

கம்ப்யூட்டர் வைத்த புது மாதிரி வண்டிகளுக்கு வேறு சாஸ்திரம் என்று சிலர் மிரட்டுவார்கள். கருவியைச் செருகினால் ஒரு எண் வரும். "காற்றழுத்தம் குறைவு" என்று அது சொன்னால் உடனே சென்சாரை மாற்றுகிறார்கள். கிழிந்த குழாய் கிழிந்தபடியே கிடக்கின்றது. கருவி சொல்லுவது சாட்சியமேயொழியத் தீர்ப்பல்ல. சாட்சியை விசாரிக்காமல் தண்டனை கொடுப்பவன் எந்தக் காலத்திலும் நியாயாதிபதியாக மாட்டான்.

உண்மையை மறைக்காமல் மற்றொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் சோர்வும் கோளாறல்ல. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி குறைந்தே தீரும். அதற்காக மெக்கானிக்கைத் திட்டுவதும் தப்பு; பழம் உருட்டுவதும் தப்பு. சுமையைக் குறைத்து, மேட்டுக்கு முன்பே கீழ்க் கியருக்கு மாற்றிக் கொள்ளுவதுதான் வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் போட்டவர்கள் கல்லாறுக்கு மேலே 12க்கு ஒன்று என்ற செங்குத்தைக் கண்டபோது, தண்டவாளங்களின் நடுவே பற்களுள்ள இரும்புப் பட்டை போட்டார்கள். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ரயில் ஏறியது. இன்றும் ஏறுகின்றது. அங்கே மலையை வென்றது பல்சக்கரமே யல்லாமல் பரிகாரமல்ல.

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியரைப் பாருங்கள். 1893இல் அவர் செய்த முதல் இயந்திரம் நன்றாய் ஓடவில்லை. அவர் அதைச் சபிக்கவுமில்லை, கிரகத்தின்மேல் பழி போடவுமில்லை. மாற்றுவதும், ஓட்டுவதும், அளப்பதுமாய் நான்கு வருஷம் உழைத்து, 1897இல் ஓட வைத்தார். கண்டுபிடித்தவனே சோதித்துத்தான் தெரிந்து கொண்டானென்றால், தொடாமலே தெரியும் என்கிறவர்களுக்கு ஞானம் எங்கிருந்து வந்தது?

பட்டறைத் தொழிலாளிகளை நாம் குறை கூறுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கையில் கரியும் முழங்காலில் காயமுமாய் உழைக்கின்ற யோக்கியமான மெக்கானிக்குகள் அநேகர் இருக்கிறார்கள். அவர்கள் கழற்றின பில்டரைக் கையில் கொடுத்து, "பாருங்கள்" என்று காட்டுவார்கள். நாம் கண்டிப்பது "கைராசி" என்றும் "தொழில் இரகசியம்" என்றும் சொல்லி, கேள்வியையே அவமரியாதையாக்குகின்ற மனப்பான்மையைத்தான். கேட்கக் கூடாது என்று ஒருவன் சொன்னால், அங்கே மறைக்க ஏதோ இருக்கின்றது என்பதே பொருளாகும்.

இரண்டாங்கை வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரகர் உங்களைச் சமதரையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டி முன்பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். முன்கூட்டியே சூடேற்றி வைக்காத இன்ஜினை உங்கள் எதிரில் கிளப்பச் சொல்லுங்கள். நாலு பேரை ஏற்றி, ஒரு நல்ல மேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். புகையைப் பாருங்கள், ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பில்டரையும் பாருங்கள். "நல்ல நாள் போய்விடும், சீக்கிரம் முடியுங்கள்" என்றால், அந்த நாள் அவருக்குத்தான் நல்ல நாள் என்று அறிந்து கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே! வண்டி நின்றால் ஒரு நேரத்தில் ஒன்றைமட்டும் மாற்றுங்கள்; மாற்றிய பின் அதே மேட்டில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள்; கண்டதைக் குறித்து வையுங்கள். கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். காரணம் காட்டாதவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடம் பாராதவர்களும் செய்யக்கூடிய காரியங்கள்தாம் இவை. கண்ணும், கையும், "ஏன்?" என்று கேட்கின்ற துணிவும் இருந்தால் போதும். இவற்றைச் செய்துவிட்டு, பிறகும் யாராவது ராசியைப் பற்றிப் பேசினால், அவரையே வண்டியின் பின்னால் நிறுத்தித் தள்ளச் சொல்லுங்கள். அந்த அளவுக்காவது அவரால் வண்டிக்கு உபயோகம் உண்டாகட்டும்.