கஞ்சிக்கு அண்டா இருக்கிறது, கவனிப்புக்குக் கணக்கு எங்கே?



“நம் வீட்டு நோயாளியை நாமே பார்த்துக்கொள்வோம், பிறர் கையில் விடும் வழக்கம் நமக்கில்லை” என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெருமை பேசாத குடும்பம் அரிது. அந்த ‘நாம்’ யார்? பெரும்பாலும் ஒரே ஒரு பெண். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பவள். மூளை முடக்குவாதம் உள்ள இருபது வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுபவள். அவளுக்கு விடுப்பில்லை, மாற்று ஆளில்லை. அவளே ஒருநாள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று எந்த ஜமாஅத் கூட்டத்திலாவது பேசப்பட்டதுண்டா?

திட்டமில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் மாவட்டமே கண்டது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2023 பிப்ரவரியில் நடந்த ஆய்வில், முறையான உரிமமின்றி இயங்கிய அவ்வில்லத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பாலியல் வன்கொடுமை, சித்திரவதைக் குற்றச்சாட்டுகள் எழுந்தன, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. இத்தகைய இல்லங்களின் வாசலுக்கு உறவினரை அழைத்து வருவோர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். பலர் களைத்துப்போனவர்கள்.

அரசு கொடுக்கிறதே என்பார்கள். கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். நாளொன்றுக்கு 67 ரூபாய்கூட இல்லை. அதற்கும் சான்றிதழ் வேண்டும், அலைச்சல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கோரி விண்ணப்பிக்கலாம் என்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ள மகனுக்குப் பதினெட்டு வயதானபின் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு உண்டு. நிக்காஹ் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் நம் பள்ளிவாசல்களில், இந்த விண்ணப்பங்களை எழுதித்தர ஓர் இளைஞரைக்கூட ஏன் நியமிக்கவில்லை?

“பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைக்குக் கூலியா? அது மேற்கத்தியர் வழக்கம்” என்ற ஆட்சேபம் உடனே வரும். மணவிலக்குப் பெற்ற தாய் தன் சொந்தக் குழந்தைக்கே பாலூட்டினாலும் அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுக்கும்படி அத்தலாக் அத்தியாயம் கட்டளையிடுகிறது. தாய்ப்பாலுக்கே கூலியை விதித்த மார்க்கத்தில், முதுகொடியத் தூக்கிச் சுமக்கும் உழைப்புக்குக் கூலி எப்படி இழிவாகும்? உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715), நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று இமாம் தபரீ பதிவுசெய்கிறார். 1300 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்ததை இன்று மேற்கின் சரக்கு என்கிறோம்!

பணமில்லை என்பதும் சரியன்று. பத்து லட்சம் ரூபாய் சேமிப்புக்கு ஆண்டு ஜகாத் 25,000 ரூபாய். அத்தகைய ஐந்து வீடுகள் சேர்ந்தால் 1,25,000. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. ஓர் ஏழை நோயாளிக்குப் பகல்நேர உதவியாளரை வைத்துக்கொள்ள அது பெருந்துணை. நாமோ அதை ரமழானின் கடைசிப் பத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகவும் சேலைகளாகவும் வரிசையில் நிற்போருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறோம். (நோன்புக் கஞ்சிக்கு எத்தனை படி அரிசி என்பதில் மட்டும் நம் கணக்கு பிசகுவதேயில்லை.)

ஜகாத்தைப் பெறுபவருக்கே அது உடைமையாக வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்துகின்றன. அப்படியானால் பணம் நோயாளியின் கையில் சேரட்டும்; உதவியாளரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கமிட்டி தன் உறவுக்காரரை அனுப்பிவைக்கும் ஏற்பாடாக அது ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு மஹல்லாவும் வரும் ஷஃபானுக்குள் வீடுவீடாகச் சென்று கேட்டுப் பட்டியலிட வேண்டும்: யாருக்கு எந்த உதவி வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும், பெண்ணாயின் பெண் உதவியாளர் கிடைப்பாரா, ஜும்ஆவுக்கு வர விரும்புகிறாரா, பெற்றோருக்குப் பின் பொறுப்பு யாருடையது? அந்தக் கேள்விகளைப் படுக்கையில் இருப்பவரிடமே கேட்க வேண்டும், வாசலில் நிற்கும் அண்ணனிடம் அல்ல.