விழுந்து முளைக்காத பல்

ஒரு சின்னக் கேள்வி. ஆறு வயதுக் குழந்தைக்குக் கடைசியில் முளைக்கிறதே ஒரு கடைவாய்ப் பல், அது பால் பல்லா, நிரந்தரப் பல்லா?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எந்த மீனவர் குப்பத்தில் கேட்டாலும் சரி, செங்கல்பட்டு டவுனில் மாடி வீட்டில் கேட்டாலும் சரி, பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அது பால் பல்லுதாங்க. விழுந்து முளைச்சிடும்."

முளைக்காது. அந்தப் பல் போனால் போனதுதான்.

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் எந்தப் பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. பால் பல் வரிசைக்குப் பின்னால், காலியாக இருந்த ஈறைக் கிழித்துக்கொண்டு சத்தமில்லாமல் வருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. முன்பல் விழுந்தால் ஊருக்கே தெரியும். அதைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிகிற வழக்கம்கூட உண்டு. புதிதாக முளைக்கிற பல்லுக்கு மட்டும் ஒரு வரவேற்பும் கிடையாது. அது வந்ததே தெரியாத வீட்டில், அதில் கறுப்புக் கோடு விழுவது மட்டும் எப்படித் தெரியும்? தெரிவது வலி வந்த பிறகுதான். அதற்குள் பையன் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பான்.

பாதி முளைத்த பல் ஏன் சீக்கிரம் சொத்தையாகிறது?

இந்தப் பல் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஈறை விட்டு எட்டிப் பார்த்ததிலிருந்து எதிர்ப்பல்லோடு சேர்ந்து மெல்லும் நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது மற்ற பற்களை விடத் தாழ்ந்தே நிற்கும். பிரஷ் மேலாகத் தாண்டிப் போய்விடும். மெல்லும்போது கிடைக்கிற இயற்கையான தேய்ப்பும் கிடையாது. பின்பக்கம் ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்க, அதற்கடியில் பிஸ்கட் மாவு தங்கும். போதாக்குறைக்குப் புதுப் பல்லின் எனாமல் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. மேல்பரப்பில் உள்ள பள்ளங்களோ பிரஷ்ஷின் நார் நுழையாத அளவுக்குக் குறுகலானவை. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

ஆனால் ஆரம்பத்தில் இது ஓட்டை இல்லை. வெறும் வெள்ளைத் திட்டு. அந்தக் கட்டத்தில் அழுக்கை எடுத்து ஃப்ளோரைடு கொடுத்தால் சொத்தை அங்கேயே நின்றுவிடும், பல்லும் திரும்ப இறுகும். டிரில் வேண்டாம், ஊசி வேண்டாம்.

அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால்? ஏழெட்டு வயதில் இந்தப் பல்லின் வேர் முனை இன்னும் மூடியிருக்காது. அதனால் பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கெனாலை அப்படியே செய்துவிட முடியாது. செலவும் ஆயிரக்கணக்கில். அந்தப் பணம் இல்லாத வீட்டில் முடிவு ஒன்றுதான், பிடுங்குவது. பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், கடி மாறும். ஆறு வயதில் வந்து அறுபது வருடம் உழைக்க வேண்டிய பல், பத்து வயதுக்குள் குப்பைக்குப் போய்விடும்.

மூன்று பேர், மூன்று "அப்புறம்"

பெற்றோர் சொல்வது: "விழுந்து முளைக்கும்." அவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. விடியும் முன்னே கடலுக்குப் போகிற அப்பா, கூடையோடு மீன் விற்கப் போகிற அம்மா. குழந்தை தானே பல் தேய்க்கிறது. அதுவும் பல நேரம் ஃப்ளோரைடு இல்லாத பல்பொடியில். பூச்சி அரித்துவிட்டது என்று கண்டங்கத்திரிப் புகை போட்ட தலைமுறைக்கு, அது பூச்சி இல்லை, சர்க்கரையும் அமிலமும் என்று யாராவது எப்போதாவது உட்கார வைத்துச் சொன்னார்களா?

பல் மருத்துவர் சொல்வது: "இப்போ பாதிதான் வந்திருக்கு. முழுசா முளைக்கட்டும், அப்புறம் சீலன்ட் போடலாம்." ரெசின் சீலன்ட்டுக்குப் பல் காய்ந்திருக்க வேண்டும், ஈறு மூடிய பல்லை உலர்த்த முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் "அப்புறம்" என்கிற அந்த ஒரு வருடத்தில்தானே சொத்தை விழுகிறது! ஈரத்தைத் தாங்குகிற கிளாஸ் ஐயனோமர் 1970களிலிருந்தே இருக்கிறது. பாதி முளைத்த பல்லின் பள்ளத்தில் அதைத் தற்காலிகமாக அடைத்து வைக்கலாம். கொஞ்ச நாளில் தேய்ந்து போனாலும், ஆபத்தான காலத்தைத் தாண்ட வைத்துவிடும்.

அரசு சொல்வது: "ஆறாம் வகுப்பு வரட்டும்." 2023-ல் தமிழக அரசு "புன்னகை" என்று பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. நல்ல விஷயம்தான், கைதட்டலாம். ஆனால் அது எடுத்துக்கொண்டது ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களை. பன்னிரண்டு வயதில் வருகிற இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு அது சரியான நேரம். முதல் பல்லுக்கோ ஐந்து வருடம் லேட்! மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-லிருந்து பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது, அதன் பட்டியலில் பல் பிரச்சினையும் இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றால், மாமல்லபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வர அந்த அம்மாவுக்கு ஒரு நாள் வியாபாரம் போச்சு. வலிக்காத பல்லுக்காக யார் போவார்கள்? சீட்டு வீட்டிலேயே கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. பொத்தேரி, கேளம்பாக்கம், இரத்தினமங்கலம், கீரப்பாக்கம், மதுராந்தகம் பக்கம், மேல்மருவத்தூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டிலும் அதைச் சுற்றியும் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் தனியார். கேம்ப்புகளும் நடக்கின்றன. பேனர், வரிசை, டார்ச் லைட், இலவச பேஸ்ட், குரூப் போட்டோ... அடுத்த கேம்ப்பில் அதே குழந்தையை யாரும் தேடுவதில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் சிகிச்சையா?

ஒரு மீன்பிடி ஊர் செய்து காட்டியது

பால்டிக் கடலில் டென்மார்க்குக்குச் சொந்தமான போர்ன்ஹோம் என்ற தீவு. அதில் நெக்சோ என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அதுவும் மீன்பிடி ஊர்தான். 1987-ல் அங்கிருந்த அரசுப் பல் மருத்துவச் சேவை ஒரு முடிவெடுத்தது. ஓட்டை விழுந்த பிறகு அடைப்பதை விட, முளைக்கிற கடைவாய்ப் பல்லைக் குறிவைத்துக் காவல் காப்பது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பாதி முளைத்த பல்லுக்குப் பிரஷ்ஷை வழக்கம்போல முன்னும் பின்னும் ஓட்டாமல், கன்னத்துப் பக்கத்திலிருந்து குறுக்காக வைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தேய்க்க வேண்டும். தேய்ப்பது குழந்தை இல்லை, பெற்றோர். ஆபத்து அதிகமுள்ள குழந்தையை அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மட்டும் ஃப்ளோரைடும் சீலன்ட்டும். அந்த முறையில் வளர்ந்த பிள்ளைகள் பதினெட்டு வயதானபோது, டென்மார்க்கிலேயே சொத்தை மிகக் குறைவான ஊர்களில் ஒன்றாக நெக்சோ நின்றது. மாஸ்கோவிலும் இதை முயன்று பலன் பார்த்தார்கள்.

"அது பணக்கார நாடு சார்" என்று சிலர் கிளம்புவார்கள். பிரஷ்ஷைக் குறுக்கே வைக்கப் பணம் எதற்கு? பிலிப்பைன்ஸ் பணக்கார நாடா? அங்கே பள்ளிகளில் கை கழுவுவதோடு சேர்த்துக் கூட்டாகப் பல் தேய்க்க வைக்கிறார்கள். டிரில்லும் மின்சாரமும் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கிற முறை 1980களில் உருவானதே தான்சானியாவில்தான்.

வழக்கமான மூன்று ஆட்சேபங்கள்

"ஃப்ளோரைடு விஷமாச்சே, தர்மபுரியைப் பாருங்க." தர்மபுரியின் பிரச்சினை, வாழ்நாள் முழுக்கக் குடிக்கிற நிலத்தடி நீரில் உள்ள அளவு மீறிய ஃப்ளோரைடு. ஆறு வயதுப் பிள்ளை பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்துத் துப்புவது வேறு. இரண்டையும் குழப்புவது, உப்பு அதிகமானால் ரத்தக் கொதிப்பு வரும் என்று கஞ்சிக்கே உப்புப் போடாமல் இருப்பது மாதிரி.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி." இருக்கட்டும். குச்சி முன்பல்லுக்குப் போகும். ஈறு மூடிய கடைசிப் பல்லின் பள்ளத்துக்கு எப்படிப் போகும்? அந்தக் காலத்தில் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸும் தெருமுனைக் கடையில் தொங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சொத்தை ஏற்கனவே விழுந்துவிட்டதே?" அதற்கும் வழி இருக்கிறது. சில்வர் டையமீன் ஃப்ளோரைடு. ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலும் சொத்தை ஓடுவது நிற்கும். சொத்தை இருந்த இடம் கறுத்துப் போகும், உண்மைதான். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைவாயில் கறுப்புப் புள்ளியோடு ஒரு பல் இருப்பது நல்லதா, அந்த இடமே காலியாக இருப்பது நல்லதா? ஃப்ளோரைடு பேஸ்ட், கிளாஸ் ஐயனோமர், இந்த சில்வர் மருந்து மூன்றையுமே உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாராசிட்டமால் இருக்கிற அதே பட்டியல்!

வேண்டியது என்ன?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. முதல் கடைவாய்ப் பல் முளைக்கிற அதே வயது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கை கழுவுகிறார்கள். அந்தக் குழாயடியிலேயே இரண்டு நிமிடம் பல் தேய்க்க வைக்க முடியாதா?

"புன்னகை" ஒன்றாம் வகுப்புக்கு இறங்கி வரட்டும். கல்லூரிகள் ஆளுக்குச் சில பள்ளிகளைப் பொறுப்பெடுத்து, ஒன்று, இரண்டு வகுப்புப் பிள்ளைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பெயர் வைத்துத் தேடிப் பார்க்கட்டும். அடைக்க வேண்டியதைப் பள்ளி பெஞ்சிலேயே அடைக்கட்டும். சேர்க்கைச் சீட்டோடு பெற்றோருக்கு ஒரே ஒரு வரி சொல்லட்டும்: இந்தப் பல் விழாது, முளைக்காது.

அரசாணைக்குக் காத்திருக்கிற வரை ஒரு வேலை எல்லா வீட்டிலும் நடக்கலாம். வீட்டில் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தால், இன்றைக்கு ராத்திரி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியில் ஈறுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறதா? பிரஷ்ஷைக் குறுக்கே வையுங்கள்.