துக்கத்திற்கு ஓராண்டு, சட்டத்திற்கு ஆறு மாதம்

திருவதிகையிலிருந்து பண்ருட்டி வழியே நெய்வேலி செல்லும் சாலையில் ஓர் உயிர் பறிபோனால், தலைத்திவசம் கழியட்டும், வழக்கைப் பிறகு பார்க்கலாம் என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. சட்டம் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்திற்குள் மனு அளித்தல் வேண்டும். இக்கெடு இறந்த நாளிலிருந்து அன்று, விபத்து நடந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. பல வாரம் சிகிச்சை பெற்று மறைந்தவரின் குடும்பத்திற்கு எஞ்சுவது இன்னும் குறைவு. இவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருப்பினும், அதை நம்பித் தாமதித்தல் தகாது.

ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரைச் சார்ந்தோர் ஆகியவற்றைக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படும். மெய்ப்பிக்க இயலாவிடினும், வாகன உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கப் பிரிவு 164 வழிசெய்கிறது. மோதிய வாகனம் இன்னதெனத் தெரியாவிடில் அரசுத் திட்டத்தின்கீழ் 2 லட்சம் ரூபாய் உண்டு.

அழுதுகொண்டிருப்போர் சட்டநூலைப் புரட்டுவதில்லை. ஆகவே, உடலை ஒப்படைக்கும் நாளிலேயே இக்கெடுவை எடுத்துரைப்பதும், பிரேதப் பரிசோதனை அறிக்கை பெறும் வழியைக் காட்டுவதும் மருத்துவமனைகளின் கடமை என்பதே எம் கருத்து. உயிரைக் காக்க இயலாதபோதும், பின்னிருப்போரின் உரிமையைக் காக்க நம்மால் இயலும்.