வழிபாட்டு நேரத்தில் போர் எதிர்ப்பு: எங்கள் நிலைப்பாடு

அட்டுவம்பட்டி

ஞாயிறு திருப்பலியின் நடுவே நம் இளைஞர்கள் சிலர் எழுந்து காசா பதாகையை விரித்ததும் அதன்பின் நடந்ததும் உறுப்பினர்கள் அறிந்தவையே. அது சரியா என்பதில் செயற்குழுவில் முழு ஒருமனம் ஏற்படவில்லை. பெரும்பான்மையின் முடிவு இது: வழிபாடு நடக்கையில் அதைக் குறுக்கிட்டுப் போராடுவதை நம் அமைப்பு பொதுவாக ஆதரிக்காது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவு இதற்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. சிறைக்கு அஞ்சி எடுத்த முடிவல்ல இது.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கொடைக்கானல் மலையில் பல உண்டு. எங்களில் சிலர் அந்த வீடுகளின் பிள்ளைகள். வழிபாட்டுக்குள் போர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கைச் செய்திகளில் கேட்டே வளர்ந்தோம். 1995 ஜூலை 9 அன்று, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில் மடுமாதா ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்தது. 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார்; அருகிலிருந்த மனைவியும் காயமடைந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021இல் விடுவிக்கப்பட்டார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை! பதாகை துப்பாக்கி அல்ல, அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆலயத்துக்குள் திடீரென்று எழும் சத்தத்துக்கு உடல் நடுங்கும் மனிதர்கள் நம் மலையிலும் இருக்கக்கூடும். அவர்களின் அந்த ஒரு மணி நேரத்தில் கைவைக்க எங்களுக்கு உரிமையில்லை.

சிறுபான்மைக் கருத்தினர் 1966இல் பிரைட்டனில் நடந்ததைச் சுட்டினர். வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணைநின்ற பிரதமர் ஹெரால்டு வில்சன் கலந்துகொண்ட ஆராதனையில் எதிர்ப்பாளர்கள் குரலெழுப்பினர்; அவர்களில் சிலர் சிறைக்கும் போனார்கள். அங்கே பொறுப்பாளியே ஆராதனையில் இருந்தார். இங்கே இருந்தவர்கள் வாரமெல்லாம் பூண்டுக் காட்டில் குனிந்து வேலை செய்துவிட்டு வந்த பெண்கள். அதேபோல், நம் மலையின் வட்டக்கானலில் வழிபடும் இஸ்ரேலியப் பயணிகளும் அவர்கள் அரசும் ஒன்றல்ல. அங்கும் இதே நிலைப்பாடுதான்.

ஆனால் இளைஞர்களை மட்டும் குற்றவாளிகளாக்கும் பேச்சை ஏற்க மாட்டோம். 2025 ஜூலை 17 அன்று காசாவின் திருக்குடும்ப ஆலயம் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். அந்தப் பங்குக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஏறக்குறைய இரவுதோறும் தொலைபேசியில் பேசிவந்தார். அந்த மக்களுக்காக விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி சேர்க்க நம் பீடங்களில் சிலவற்றுக்கு ஏன் நா எழவில்லை? முறையாகக் கேட்டபோது "அரசியல் வேண்டாம்" என்றார்கள். குழந்தைகள் சாவதா அரசியல்?

வழிபாட்டுக்கு முன்னும் பின்னும் ஆலய வாசலுக்கு வெளியே அமைதியாக நிற்பது தொடரும். பீடமே போரைப் புகழ்ந்தால் என்ன செய்வது என்பதில் முடிவு எட்டப்படவில்லை. அந்நிலையில் மௌனமாக வெளியேறுவது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது.

இளைஞர்கள் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிடுமாறு சம்பந்தப்பட்டோரைக் கேட்டுக்கொள்கிறோம். மலையிலுள்ள எல்லாத் திருச்சபைகளின் பங்குத்தந்தையரையும் ஆயர்களையும் வேண்டுகிறோம்: வரும் ஞாயிறு மன்றாட்டில் காசாவையும் சூடானையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயற்குழு