பத்து மேசைக் கடை



"எனக்கென்ன தொழில் தெரியும்? சோறாக்க மட்டுந்தானே தெரியும்" என்று சொல்லும் பெண்களை நாம் அடிக்கடி காண்கின்றோம். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஒருத்தியின் வாயிலிருந்து இச்சொல் வரும்போது கேட்பவர் மனமும் கனத்து விடும். சோறாக்கத் தெரிவது சின்னக் காரியமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஒரு தாயின் கதை இதற்கு விடை சொல்லும்.

முதலில் அந்த மண்ணின் சாப்பாட்டை அறிந்து கொள்வோம். டெக்சாஸ் 1836 வரை மெக்சிக்கோ நாட்டோடு இருந்தது. 1845 இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. ஆட்சி மாறினாலும் அங்கிருந்த மெக்சிக்கக் குடும்பங்களின் அடுப்பு மாறவில்லை. பழைய சோளமும் கொச்சிக்காயும் பீன்ஸும் அப்படியே இருக்க, அங்கு தாராளமாகக் கிடைத்த மாட்டிறைச்சி, கோதுமை மா, மஞ்சள் நிறச் சீஸ் ஆகியனவும் சட்டிக்குள் வந்தன. இப்படிப் பிறந்த சமையலைத்தான் 'டெக்ஸ்-மெக்ஸ்' என்கிறார்கள்.

இந்தச் சாப்பாட்டின் உயிர் 'டோர்ட்டியா' என்னும் மெல்லிய ரொட்டி. கோதுமை மாவிலும் சுடுவார்கள், சோளத்திலும் சுடுவார்கள். சோளமென்றால், அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு எதற்கு? சோளத்திலுள்ள நயாசின் என்ற விட்டமின் அதனால்தான் உடலில் சேருகின்றது. இம்முறையை அறியாமல் சோளத்தை மட்டும் உண்டு வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகள் பலரைப் பெலக்ரா என்ற கொடிய நோய் பீடித்தது. விட்டமின் என்ற சொல்லே பிறவாத காலத்தில், மெக்சிக்கப் பெண்களின் கைகளில் இந்த அறிவு இருந்திருக்கின்றது!

சோள ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டி, கொச்சிக்காய்க் குழம்பு ஊற்றிப் போறணையில் வைத்தெடுத்தால் அது 'என்சிலாடா'. பக்கத்தில் மசித்து வதக்கிய பீன்ஸும், தக்காளி சேர்த்து ஆக்கிய சோறும் இருக்கும். குழம்பில் நற்சீரகம் மணக்கும். நாம் அம்மியில் அரைக்கும் கொச்சிக்காய் அந்தப் பக்கத்து மண்ணில் பிறந்து, போர்த்துக்கேயர் வழியாக இங்கு வந்தது. நற்சீரகமோ ஸ்பானியரோடு இந்தப் பக்கத்திலிருந்து அங்கு போனது. அவர்கள் அரிசியை 'அர்ரோஸ்' என்பார்கள், சீனியை 'அசூக்கார்' என்பார்கள். அர்ருஸ், அஸ்ஸுக்கர் என்ற அரபுச் சொற்களே அவை. முஸ்லிம்கள் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் அம்மொழியில் நுழைந்து, கடல் தாண்டி டெக்சாஸ் வரை போயிருக்கின்றன.

இச்சமையலைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்தவர்களும் பெண்களே. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் மாலையானதும் விளக்கேற்றி, மேசை போட்டு, வீட்டில் சமைத்த இறைச்சிக் குழம்பை விற்றார்கள். பல்லாண்டுகள் குடும்பங்களைத் தாங்கிய தொழில் அது. 1930களின் பிற்பகுதியில் நகர நிர்வாகம் சுகாதார விதிகளைக் காட்டி நெருக்கியது. சில ஆண்டுகளில் அவர்கள் சதுக்கங்களிலிருந்து மறைந்து போனார்கள். அந்தக் குழம்பின் ருசியைத் தூளாக்கி விற்றவர்களோ செழித்தார்கள்.

இனி அந்தத் தாயிடம் வருவோம். பெயர் நின்ஃபா லோரென்சோ. டெக்சாஸின் தெற்கெல்லையில் 1924 இல் பிறந்த மெக்சிக்க வம்சாவளிப் பெண். கணவர் இத்தாலிய வம்சாவளியினர். இருவரும் ஹியூஸ்டன் நகரில் டோர்ட்டியா செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்தினார்கள். 1969 இல் கணவர் இறந்தார். பிள்ளைகள் ஐவர். தொழிலும் நலிந்து கொண்டே போனது.

1973 இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தொழிற்சாலையின் முன்புறத்தைக் கடையாக்கினார். மேசைகள் பத்தே பத்து. பிள்ளைகளும் தாயோடு சேர்ந்து உழைத்தார்கள். கரியடுப்பில் சுட்ட மாட்டிறைச்சியைச் சூடான கோதுமை டோர்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். மாட்டின் விலா அடியிலுள்ள அந்தத் தசை, ஒரு காலத்தில் பண்ணைக் கூலிகளுக்குச் சம்பளத்தின் ஒரு பங்காகக் கொடுக்கப்பட்ட மலிவான இறைச்சி. அதை ஊறவைத்து, பதமாகச் சுட்டு, மெல்லியதாக அரிந்தால் வருகின்ற ருசியே வேறு. இன்று உலகெங்கும் 'ஃபஹீட்டா' என்று விலையேறி நிற்பது அதுதான்.

ஊர் மக்கள் அவரை 'மாமா நின்ஃபா' என்றார்கள். அம்மொழியில் மாமா என்றால் உம்மா. உம்மாவின் கைச்சாப்பாட்டைத் தேடி வந்த கூட்டத்தால் பத்து மேசைகள் போதவில்லை. கிளைகள் பெருகின. 1990களின் பிற்பகுதியில் அக்கடைகள் குடும்பத்தின் கையை விட்டுப் போயின. 2001 இல் அவர் இறந்தார். ஆயினும் நெவிகேஷன் வீதியிலுள்ள முதற்கடை இன்றும் நடக்கின்றது.

அவர் கடை திறப்பதற்கு முந்திய வருடம், 1972 இல், டயானா கென்னடி என்ற எழுத்தாளர் மெக்சிக்கச் சமையல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதன் பின்னர், டெக்சாஸ் சாப்பாடு உண்மையான மெக்சிக்கச் சாப்பாடு அல்ல என்ற பேச்சு வலுத்தது. இரண்டும் வேறு வேறு என்பது சரிதான். ஆனால் வேறு என்பதால் தாழ்ந்ததாகி விடுமா? கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிய தாய்மாரின் சமையலல்லவா அது!

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பீன்ஸ் வதக்கவும் மா பிசையவும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது அங்கு பழைய வழக்கம். இறைச்சியைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது, கொழுப்பையும் கேட்டறிந்தே உண்ண வேண்டும். ஹலாலாகச் சமைக்கும் டெக்ஸ்-மெக்ஸ் கடைகளும் இன்று ஹியூஸ்டனில் உள்ளன.

சகோதரிகளே! உங்கள் அயலிலும் ஒரு விதவைத் தாய் இடியப்பம் அவித்தோ, பலகாரம் சுட்டோ விற்கக் கூடும். அவரிடம் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். "வீட்டுச் சாமான்தானே" என்று சொல்லாதீர்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். ருசியாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். பத்து மேசைக் கடை நிறைந்ததும் அப்படித்தான்.