பதினெட்டாயிரம் ரூபாய்ப் பனி

டிசம்பர் பிறந்தால் போதும், சண்டிகரில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு ஒரு ஜுரம் வந்துவிடும். கோயிலில் பார்த்தாலும் சரி, மார்க்கெட்டில் முருங்கைக்காய் தேடும்போது பார்த்தாலும் சரி, ஒரே கேள்வி. "இந்த வருஷம் ஸ்னோ பாக்க எங்க சார் போறீங்க?" எங்கும் போகவில்லை என்றால், ஏதோ தீராத வியாதிக்காரனைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிரானது. படித்துவிட்டுத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். திட்டு வாங்க வங்கிக்காரனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? :-)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பனி பார்க்க மலைக்குப் போவது தப்பில்லை. ஆனால், கட்டின பணம் போனால் போகட்டும் என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பத் தெரியாதவர்கள், குளிர்காலத்தில் பிள்ளைகுட்டிகளோடு மலைக்குக் காரோட்டிப் போகக் கூடாது. ஊருக்கு உபதேசமாக இதைச் சொல்லவில்லை. திருப்பத் தெரியாமல் போனவன் நான்தான்.

2024 டிசம்பர் 26-ம் தேதி சண்டிகரிலிருந்து கிளம்பினோம். நான், தங்கமணி, பதினாலு வயது மகள், ஒன்பது வயது மகன். முதல் நாள் சிம்லாவில் தங்கல், அடுத்த இரண்டு இரவுகள் நார்கண்டாவில். நார்கண்டா ஓட்டலுக்கு முன்கூட்டியே 18,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவன் நான். தெரிந்துதான் கட்டினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் மன்மோகன் சிங் காலமானார். லாட்ஜ் டிவியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, கீழே பட்டையில் இன்னொரு செய்தி போய்க்கொண்டிருந்தது. இமாசலத்தில் அடுத்த இரண்டு நாளைக்குக் கனத்த பனிப்பொழிவு, ஆரஞ்சு எச்சரிக்கை. தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

மறுநாள் காலை கிளம்பியாயிற்று. சிம்லாவிலிருந்து நார்கண்டா அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குஃப்ரி தாண்டியதும் பனி விழ ஆரம்பித்தது. பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிக் கூச்சல் போட்டார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் தொண்டை அடைத்தது. கரூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு வானத்திலிருந்து மழையும் தூசியும்தான் விழும். ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். "பத்திரமா போங்கடா" என்றார்.

ஃபாகு தாண்டியதும் சாலையில் வெள்ளை கூடிப்போய், முன்னால் போன டாக்ஸி ஒன்று பக்கவாட்டில் வழுக்கி நின்றது.

"ஏங்க, திரும்பிடலாமே" என்றாள் தங்கமணி.

"பதினெட்டாயிரம் கட்டியிருக்கு" என்றேன்.

இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை என் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வண்டியில் நாலு பேர். கணக்குப் போட்டால் தலைக்கு 4,500 ரூபாய். என் மகனுக்கும் மகளுக்கும் நான் போட்ட விலை அவ்வளவுதான்.

தியோக் போய்ச் சேருவதற்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை. மணி இரண்டு. மூன்றானது, ஐந்தானது, இருட்டியது. பனி டயரில் பாதியை மூடிவிட்டது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் இறுக ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டிருந்தேன். மகன் தூங்கிவிட்டான். நல்லவேளை, தொந்தரவு பண்ணாமல் தூங்குகிறானே என்று சந்தோஷப்பட்டேன். மகள் மட்டும், "அப்பா, தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். மலைப்பாதை வளைவு அப்படித்தான் செய்யும் என்றேன். வண்டி நின்று நாலு மணி நேரம் ஆகியிருந்தது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

பின்னாலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்து கண்ணாடியை ஓங்கித் தட்டினார். இறக்கியதும் ஹிந்தியில் ஒரு சத்தம் போட்டார். "இஞ்சினை நிறுத்து! கதவைத் திற! பிள்ளைகளை வெளியே எடு!" எதுவும் புரியாமல் இறங்கிப் போய்ப் பார்த்தால், வண்டியின் புகைக்குழாய் பனியில் புதைந்து கிடந்தது. அவர் காலால் எட்டி உதைத்துப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

புகைக்குழாய் அடைபட்டால் புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே கசியும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, வாந்தி, பிறகு தூக்கம். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. மகனை எழுப்ப அன்றைக்குக் கன்னத்தில் நாலைந்து முறை தட்ட வேண்டியிருந்தது. அந்த அரை நிமிஷத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

சாலைக்கு மேலே இருந்த ஒரு வீட்டுக்காரர் டார்ச் அடித்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஆப்பிள் தோட்டக்காரர். ராஜ்மாவும் சோறும் போட்டு, புகைக்குழாய் வைத்த விறகடுப்பு இருந்த அறையில் படுக்க வைத்தார்கள். நாங்கள் யார், என்ன ஜாதி, என்ன ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது. காலையில் பணம் கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகளை டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரி, அந்தப் பதினெட்டாயிரம்? அதுவும் போயிற்று. நார்கண்டாவுக்குப் போய்ச் சேரவேயில்லை. ஓட்டல்காரர் மேல் குறையில்லை, அவர் விதியை முன்னாடியே சொல்லியிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வங்கியில் கடன் கேட்டு வருபவர்களிடம் நான் வாரம் ஒரு முறையாவது சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "மூழ்கின பணத்தைக் காப்பாத்தறதுக்காக மேல மேல பணத்தைப் போடாதீங்க." பி.காம். படிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்: ஏற்கெனவே செலவாகிவிட்ட காசு இனி எடுக்கப்போகும் முடிவில் கணக்கிலேயே வரக்கூடாது. ஃபாகுவில் நின்றபோது என் முன்னால் இருந்த கேள்வி 18,000 வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அது போன பணம். இந்தச் சாலையில் இந்த வானிலையில் இந்த வண்டியோடு மேலே போகலாமா என்பது மட்டும்தான் கேள்வி. எவனாவது இப்படி ஒரு திட்டத்தோடு கடன் கேட்டு வந்திருந்தால் விண்ணப்பத்தை அந்த நிமிஷமே திருப்பித் தந்திருப்பேன். சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதைச் சொன்னால் நம் ஆட்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில்: "உள்ளூர்க்காரங்க ஓட்டலையா?" எங்களுக்குச் சோறு போட்டவர் பிறந்ததிலிருந்து அங்கே இருப்பவர். பனி விழுந்த அன்றைக்கு அவர் ஜீப் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. அவசரம் என்றால் ஒழிய எடுப்பதில்லை, எடுத்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டித்தான் எடுப்பேன் என்றார். அவருக்குப் பனி வேண்டும். டெலிஷியஸ் ரக ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். பனி அவருக்கு ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. அவரே அது விழும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நாம்தான் வழவழ டயரோடு, சங்கிலியும் இல்லாமல், சமவெளியில் ஓட்டின அனுபவத்தை நம்பி ஏறுகிறோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வண்டியைக் கிளப்ப உதவும், ஐஸில் நிறுத்த உதவாது.

இரண்டாவது பதில்: "ரோடு திறந்துதானே இருக்கு? ஆபத்துன்னா அரசாங்கம் மூடாதா?" 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர், ரோத்தாங் கணவாய்க்கு அடியிலேயே போய் லாஹௌல் பக்கம் ஏறலாம். அருமையான வேலைதான், குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடந்த ஜனங்களுக்கு அது உயிர்நாடி. நமக்கோ அது பனிக்குக் குறுக்கு வழி. நாங்கள் தியோக் அருகே மாட்டிக்கொண்ட அதே 27-ம் தேதி, மணாலிக்கு மேலே சோலங் பக்கம் சுமார் ஆயிரம் வண்டிகள் சிக்கின. சுமார் ஐயாயிரம் பேரைப் போலீஸார் பனியில் நின்று மீட்டார்கள். அதற்கு முன்னால் 23-ம் தேதி ராத்திரியும் சுரங்கத்துக்கும் சோலங்குக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆயிரம் வண்டிகள் மாட்டியிருந்தன. செய்தி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாலு நாளில் அடுத்த ஆயிரம் வண்டி ஏறிவிட்டது. இதில் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது பதில்தான் நமக்கே உரியது: "டிரான்ஸ்பர் வந்துட்டா? இந்தப் பக்கம் திரும்ப எப்ப வரப்போறோம்?" இது எனக்குப் புரிகிறது. நாம் எல்லோரும் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கணக்குப் போட்டு வாழ்கிறவர்கள். ஊருக்குப் போனால் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும். "சண்டிகர்ல இருந்துட்டுப் பனி பாக்கலையா?" என்று மச்சினன் கேட்பான் என்கிற பயம். அந்த மச்சினன் கொடைக்கானலில் மப்ளர் கட்டிக்கொண்டு நடுங்கினவன். அவன் கேட்பான் என்பதற்காக நாம் ஆரஞ்சு எச்சரிக்கையில் மலையேறுகிறோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிம்லா மாதிரியே வெள்ளைக்காரன் உண்டாக்கின மலை ஊர் மரீ, பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்துக்குப் பக்கத்தில். 2022 ஜனவரி 7, 8 தேதிகளில் பனி பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வழி அடைத்தது. குறைந்தது 22 பேர் இறந்தார்கள். பலர் நின்றுபோன கார்களுக்குள்ளேயே. அவர்களில் குழந்தைகளும் உண்டு. குளிர் மட்டும் காரணமில்லை, ஹீட்டருக்காக இஞ்சினை ஓடவிட்டதால் உள்ளே நிறைந்த நச்சுப் புகையும் காரணம் என்றார்கள். அந்தச் செய்தியை நான் 2022-லேயே படித்தவன். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினவன்.

அப்படியானால் போகவே கூடாதா? போங்கள். கல்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903-லிருந்து ஓடுகிற மலை ரயில் இருக்கிறது. 96 கிலோமீட்டர், பிள்ளைகள் சுரங்கம் எண்ணிக்கொண்டே வரலாம். மேலே போய் உள்ளூர் டிரைவரோடு வண்டி எடுங்கள், அவர் போக முடியாது என்றால் பேரம் பேசாதீர்கள். கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். பனி விழும் நாளில் போகாமல் விழுந்து இரண்டு நாள் கழித்து, வெயில் வந்து சாலை துப்புரவான பிறகு போங்கள். பனி எங்கேயும் ஓடிவிடாது, நீல வானத்தின் கீழே அது இன்னும் அழகாகத்தான் இருக்கும். ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையாகப் பார்த்து, ஐநூறு ஆயிரம் கூட ஆனாலும் எடுங்கள். அது செலவில்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியம். அப்படி அறை கிடைக்காவிட்டால், கட்டும்போதே அந்தப் பணம் போய்விட்டது என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டுக் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன் வண்டியில் இருக்கும் எல்லோரும் கேட்க ஒரு விஷயத்தை முடிவு பண்ணிவிடுங்கள்: யாராவது ஒருவர் 'திரும்பலாம்' என்றால் வண்டி திரும்பும். ஓட்டுகிறவருக்கு அதில் மறுப்புச் சொல்ல உரிமை கிடையாது. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம். மகன் இதை வைத்து டியூஷனுக்குப் போகிற வழியிலும் 'திரும்பலாம்' என்கிறான், அது வேறு கதை. :-)

இந்த டிசம்பரிலும் கோயிலில் யாராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்க வரிசையில் நிற்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

பி.கு.: எப்படியோ மாட்டிக்கொண்டீர்கள் என்றால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அள்ளி அப்புறப்படுத்துங்கள். இஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓடவிடுங்கள், அப்போதும் ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும். யாராவது தலைவலி என்றால் அந்த நொடியே இஞ்சினை நிறுத்திக் கதவைத் திறங்கள். அறையில் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதுவும் இதே நஞ்சுதான்.